அரை கிளாஸ் தே ஓ

முன்பு ஒரு நாளைக்கு ஐந்து.
மெல்லிய குழாய்கள், ஒவ்வொன்றும் தனி உறையில்.
மாதம் ஒரு பெட்டி.
ஜி.எச். மருந்தகத்தின் நான்காம் ஜன்னலில் என் எண் எரிந்ததும்
மடியில் வைத்துத் தருவார்கள்.
சக்கர நாற்காலிக்காரிக்கு மடிதான் மேசை.

ஏப்ரலிலிருந்து இரண்டு.
"மேலேயிருந்து வந்த சுற்றறிக்கை" என்றாள் ரொஸ்னிதா, மலாயில்,
என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்,
அதனால் திட்டவும் முடியவில்லை.
மிச்சத்தை நாமே வாங்கிக்கொள்ளலாமாம்.
ஒன்று ஆறு வெள்ளி.
மூவாறு பதினெட்டு.
பதினெட்டை முப்பதால் பெருக்கினேன்
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் கீழே, லிஃப்ட் வரும்வரை.
லிஃப்ட் வரவில்லை, விடை வந்துவிட்டது:
ஐந்நூற்று நாற்பது.
பள்ளிச் சீருடைக்குப் பெயர்ப்பட்டி தைத்து
நான் பார்ப்பது நானூறு,
அதுவும் ஜனவரியில்.

ஆகவே தண்ணீரைக் குறைத்தேன்.
ஊற்றாத வாளி நிரம்பாது, அவ்வளவுதானே.
காலை மாத்திரைக்கு இரண்டு மடக்கு.
ரசம் இல்லை. தர்ப்பூசணி இல்லை.
கீழே கோப்பிக் கடையில் அரை கிளாஸ் தே ஓ,
அதிலும் பாதியில் நகர்த்தி வைத்தால்
"ஏன், சீனி பத்தலியா?" என்கிறார் மைதீன் பாய்.
பினாங்கு வெயிலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.
வியர்வையாகப் போவதற்குக் குழாய் தேவையில்லை.

கழுவி மறுபடி பயன்படுத்துகிறேன் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
கொதிநீரில் இருபது நிமிடம்.
பிறகு வெள்ளைத் துண்டின்மேல் வரிசையாகக் காயும்.
விருந்தாளி வந்தால் துண்டை மடித்துவிடுவேன்.

ஜூனில் குளிர் காய்ச்சல்.
வார்டில் ஐந்து நாள்.
ஒரு கட்டிலுக்கு ஒரு நாள் அரசாங்கத்துக்கு என்ன செலவு என்று
தாதியைக் கேட்டேன். சொன்னாள்.
அந்தத் தொகைக்கு எத்தனை குழாய் வரும் என்று
சொட்டு இறங்குவதைப் பார்த்தபடி வகுத்தேன்.
நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் வகுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் திருமதி ஊய், எழுபத்தெட்டு வயது.
செவிக்கருவி இனி ஒரு காதுக்குத்தான் என்றார்களாம்.
எந்தக் காது என்று அவரையே கேட்டார்களாம்.
இடது என்றிருக்கிறார்,
மகள் சிட்னியிலிருந்து கூப்பிட்டால்
அந்தப் பக்கம்தான் போனை வைப்பாராம்.
டாக்டர் தினமும் வலது பக்கம் வந்து நின்றார்.
நடுவில் நான், என் ஓட்டை ஹொக்கியனில்,
அவர் சொன்னதையெல்லாம் கத்தித் திருப்பிச் சொன்னேன்.
வார்டு முழுக்க அவருடைய மலச்சிக்கலை அறிந்துகொண்டது.
அவர்தான் முதலில் சிரித்தார்.

ஆகஸ்டில் ஊருக்கே குழாய் அடைபட்டது.
எங்கோ ஒரு வால்வு பழுது, நாலு நாள் தண்ணீர் இல்லை.
பதினேழாம் மாடிவரை வாளிகள் ஏறின.
அரிசி களைந்த நீரை யாரும் கொட்டவில்லை.
எதிர்வீட்டுக் குணவதி பிள்ளையை அதட்டினாள்:
"இப்பத்தானே குடிச்சே?"
நடைபாதையில் எல்லார் முகத்திலும்
ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அந்த முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவள் நான்.
அவர்களுக்கு லாரி வந்தது.
அதிகாரி வந்து மன்னிப்புக் கேட்டார்.
பத்திரிகையில் முதல் பக்கம்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வந்ததும்
ஒன்பதாம் மாடியில் யாரோ கைதட்டினார்கள்.
குணவதி ஐஸ் போட்ட ஒரு ஜக்கும் தம்ளருமாய் வந்தாள்.
"குடிங்கக்கா, இனி பயமில்ல."

வாங்கினேன். மணி பார்த்தேன்.
மூன்றரை. அடுத்தது ஏழு மணிக்கு.
தம்ளரின் வெளிப்புறம் வியர்த்து
என் விரலில் இறங்கியது.
அவள் போகவில்லை. வாசலில் நின்றபடி
நான் குடிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

"ரெண்டுதான் தர்றாங்க, குணா."

"எது ரெண்டு?"